புதுப்பிப்பு: சூடானதும் நின்றுபோகும் எம்ஜிபி, காரணம் பிடிபட்டது

என் 1965 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருபது நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கார்புரேட்டரைப் பிரிக்கச் சொன்னவர்கள்தான் அதிகம். வண்டியில் இருக்கும் இரண்டு கார்புரேட்டரையும் பிரித்து மாட்டினேன், பலனில்லை. "வண்டி நின்றதும் பின்னால் இருக்கும் எஸ்யூ கம்பெனி மின்சாரப் பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்கிறதா கேளுங்கள்" என்றாரே ஒருவர், அதுதான் கைகொடுத்தது. சத்தமே இல்லை. பம்பை வண்டியின் உடல் தகட்டோடு இணைக்கும் கறுப்பு எர்த் வயர் துருவின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது, அதனால் மின்சாரம் சரியாகப் போகவில்லை. உப்புத்தாளால் தகடு பளிச்சிடும்வரை தேய்த்து, புது போல்ட் போட்டு இறுக்கினேன். அப்புறம் இரண்டு மணி நேரம் ஓட்டியும் நிற்கவில்லை.

எதிர்பாராதது: பக்கத்துப் பேட்டரிப் பெட்டியின் அடித்தகடு அரித்துப்போயிருந்தது. வெல்டிங் வைத்துவிட்டு, இரண்டு 6 வோல்ட் பேட்டரிக்குப் பதில் ஒரே 12 வோல்ட் வைத்தேன். இது பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் வண்டியின் உடல் தகட்டோடு சேரும். பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டப் பார்த்தேன், நல்லவேளை!