நன்றாகப் பழகிய நாய்க்குட்டி திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் போக ஆரம்பித்தால்: எங்கள் வீடுகளில் நடந்தவை

பொம்மி வீடு

எங்கள் பொம்மி லேப்ரடார், பெண் குட்டி. நாலு மாதம் ஆவதற்குள்ளேயே கதவருகே போய் நின்று திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். கதவைத் திறந்தால் நேராகத் தோட்டத்து மூலை, வேலை முடிந்ததும் உள்ளே. வீட்டில் எல்லாருக்கும் ஒரே பெருமை. அப்படிப்பட்டவள் திடீரென்று சமையலறை, ஹால், கட்டிலடி என்று ஓர் இடம் பாக்கி வைக்கவில்லை. வீம்பு, பொறாமை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தன் மெத்தையிலேயே அவள் போனபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. படுக்கிற இடத்தை நாய் முடிந்தவரை நனைக்காது. அங்கேயே போகிறது என்றால் அடக்க முடியவில்லையோ என்று யோசிக்க வேண்டும்.

எங்கே போகிறாள் என்பதை விட்டுவிட்டு, எப்படிப் போகிறாள் என்று கவனித்தேன். உட்காருவாள், சில சொட்டு வரும். எழுந்து இரண்டடி நடந்து மறுபடி உட்காருவாள். இந்தத் தடவை ஒன்றுமே வராது, முதுகை வளைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள். அப்புறம் பின்பக்கத்தை நக்குவாள், கூப்பிட்டாலும் நிறுத்தமாட்டாள். குணமும் மாறியிருந்தது. யார் தூக்கினாலும் மாவு மூட்டை மாதிரி தொங்குகிறவள், வயிற்றில் கை பட்டாலே உறுமினாள்.

சிறுநீர்ப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களும் பாக்டீரியாவும் தெரிந்தன. டாக்டர் அதோடு விடாமல், ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்தே நேராகக் கொஞ்சம் சிறுநீர் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார். வெளியே வந்த சிறுநீரில் எது உள்ளே இருந்த கிருமி, எது வழியில் ஒட்டிக்கொண்டது என்று பிரிப்பது கஷ்டமாம். எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று கல்ச்சர் சொல்லிவிட்டது. மருந்து ஆரம்பித்ததும் சீக்கிரமே தெளிந்துவிட்டாள், ஆனாலும் எழுதிக்கொடுத்த நாள் முழுக்கக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தோம்.

நோய் போன பிறகும் ஹால் கம்பளத்தின் ஒரு மூலைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தாள். பினாயில் போட்டுத் துடைத்தால் நமக்குத்தான் வாசனை போகும், நாய் மூக்குக்கு அது அங்கேயேதான் இருக்கிறது. அம்மோனியா கலந்த திரவம் இன்னும் மோசம், அதன் வாடையே சிறுநீர் வாடைக்குப் பக்கத்தில் இருக்கும். செல்லப் பிராணிகளுக்கென்றே விற்கிற என்சைம் கிளீனரை நன்றாக ஊறவிட்டு, தானாகக் காயவிட்டோம். கூடவே பழையபடி முதல் பாடம்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே.

உங்கள் வீடுகளில் நடந்ததையும் எழுதுங்கள். எல்லாம் ஒரே காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கருப்பன் வீடு

இல்லைதான் அக்கா, எங்கள் கதை வேறு. கருப்பன் நாட்டு நாய், ஆண், எட்டு மாதம். சோபா கால், கதவு நிலை, மாப் பக்கெட், விருந்தாளி கீழே வைத்த கைப்பை. நிமிர்ந்து நிற்கிற பொருளாகப் பார்த்து, காலைத் தூக்கி ஒரு சின்னப் பீச்சல், அவ்வளவுதான். தரையில் குளம் கட்டியதே இல்லை. வெளியே போனால் வழக்கம்போல முழுசாகப் போகிறான். டெஸ்ட் ரிசல்ட் சுத்தமாக வந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே, "பையன் வயசுக்கு வந்துட்டான்" என்றார்.

மூத்திரத்தைவிட எனக்கு எரிச்சல் ஊட்டியது அவன் திமிர். 'உட்கார்' என்று நான் சொன்னால் ஜன்னலைப் பார்ப்பான். அதையே என் மைத்துனர் சொன்னால் டக்கென்று உட்காருவான். எனக்கு மட்டும்தான் இந்த மரியாதை என்று நினைத்திருந்தேன். 2020-இல் 'பயாலஜி லெட்டர்ஸ்' ஆய்விதழில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் எழுதியது கண்ணில் பட்டது. 5 மாதத்தில் சொன்னதைக் கேட்ட குட்டிகள், 8 மாதத்தில் தங்களை வளர்ப்பவர் 'உட்கார்' என்றால் குறைவாகவே கேட்டன. அதையே அந்நியர் சொன்னபோது அந்தச் சரிவு இல்லை. அவர்கள் பார்த்தது வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வகையறா. என் நாட்டு நாயும் அதே கட்சி. இந்தப் பருவம் கடந்துவிடும் என்றும் அதில் இருந்தது, கொஞ்சம் மூச்சு வந்தது.

பைகளை மேலே வைக்க ஆரம்பித்தோம். வீட்டுக்குள்ளும் கொஞ்ச நாள் லீஷோடு (கழுத்துக் கயிறு), கண் பார்வையிலேயே வைத்திருந்தோம். கருத்தடை செய்தால் பல ஆண் நாய்களிடம் இது குறையும், ஆனால் எல்லா நாயிடமும் அடியோடு நிற்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது என்றார் டாக்டர். எந்த வயதில் செய்வது என்பது இனத்தையும் உடல் வாகையும் பொறுத்ததாம். அதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், இங்கே யார் சொல்வதையும் (என்னையும் சேர்த்துத்தான்) நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஜூனோ வீடு

எங்களுக்கு ரொம்பச் சின்ன விஷயம், ஆனால் பயந்துபோனோம். ஜூனோ நாள் முழுக்கச் சுத்தமாக இருப்பாள். மாலையில் என் கணவர் உள்ளே வந்து குனிந்து தலையைத் தடவ வேண்டியதுதான் தாமதம், காது பின்னால் ஒட்டிக்கொள்ளும், உடம்பு தரையோடு தாழும், கீழே ஈரம். அவருடைய கனத்த குரலுக்கும் இதேதான். இதற்கும் டாய்லெட் பழக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாதாம். பணிவோ பரபரப்போ மிஞ்சிப்போய்த் தானாகக் கசிவது. திட்டினால் கூடத்தான் செய்யும்.

இப்போது அவர் வந்ததும் அவளைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போவார். அவள் அடங்கியதும் பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் மார்புப் பக்கம் தடவுவார். வாசலுக்கு வெளியே சந்தித்தால் இன்னும் நல்லது, கசிந்தாலும் துடைக்க வேண்டாம்!

டைகர் வீடு

கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இது நான் வளர்க்கும் முதல் நாய் இல்லை. குட்டி நாலு நாள் சுத்தமாக இருந்துவிட்டால் போதும், கேட்டைத் திறந்து முழு வீட்டையும் அதன் கையில் கொடுத்துவிடுகிறோம். அதற்குத் தெரிந்தது ஹாலிலிருந்து வாசலுக்குப் போகும் வழி மட்டும். மாடி அறையில் முட்டிக்கொண்டு வந்தால் அது எங்கே போகும்? அங்கேயேதான். அதை நோய் என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள், அத்தனை மணி நேரம்தான் பகலில் குட்டி அடக்க முடியும் என்பது பொதுவான கணக்கு. மூன்று மாதம் என்றால் அதிகபட்சம் நாலு மணி நேரம். அதுவும் படுத்துக் கிடக்கும்போது. ஓடி விளையாடினால் அரை மணிக்கே வந்துவிடும். விடுமுறை முடிந்து வீட்டில் எல்லாரும் வேலைக்குக் கிளம்பிய வாரத்தில் 'திடீரென்று கெட்டுப்போய்விட்டது' என்றால், மாறியது குட்டியா, உங்கள் நேரமா?

பொம்மி வீடு

டைகர் அண்ணா, நீங்கள் சொல்வதும் நடக்கிறதுதான். ஆனால் ஒரு சிறுநீர் டெஸ்ட் பெரிய வேலை இல்லை. கட்டுப்பாட்டை இறுக்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால், வலியோடு இருக்கிற குட்டிக்கு அந்த நாட்கள் வீண். முதலில் டெஸ்ட், கூடவே கட்டுப்பாடு. இரண்டையும் சேர்த்தே செய்யலாமே.

ராக்கி வீடு

ராக்கி தோட்டத்து மூலையில் சிறுநீர் போக உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கொட்டகையின் தகரம் ஒன்று மேலேயிருந்து விழுந்தது. அவன் மேல் எதுவும் படவில்லை, சத்தம்தான். அன்றோடு சரி. கதவைத் திறந்தால் முன்னங்கால் இரண்டும் வெளியே, பின்னங்கால் இரண்டும் உள்ளே. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்குவான். நாங்கள் கதவை மூடிய பிறகு திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடுவான். தட்டு விழுந்தாலே மேசைக்கு அடியில். வெளியே அரை மணி நிற்கிறோம், உள்ளே வந்ததும் போகிறான் என்று வீட்டில் எல்லாருக்கும் கோபம். ஆனால் அந்த மூலை அவனுக்கு இப்போது கக்கூஸ் இல்லை, தகரம் விழுகிற இடம். அந்தச் சின்ன வயதில் ஒரே ஒரு பயம் கூட அப்படிப் பதிந்துவிடும் என்றார் பயிற்சியாளர்.

லீஷ் மாட்டி இழுத்துப் போனால் பயம் கூடும் என்பதால் அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டோம். முன்வாசல் வழியாக, சத்தம் குறைவான நேரத்தில், வேறோர் இடம். அங்கே போனதும் உடனே பிடித்த தீனி. உள்ளே வந்த பிறகு கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று எடுத்துக்கொள்வான். தோட்டத்துக் கதவருகில் விளையாட்டு மட்டும், படி தாண்டச் சொல்வதில்லை. ஒருநாள் பந்தைத் துரத்திக்கொண்டு அவனாகவே தாண்டினான். இப்போது தோட்டத்துக்குப் போகிறான், அந்த மூலைக்கு மட்டும் இன்னும் போவதில்லை. போகாவிட்டால் போகட்டும்.

திரைக்குப் பின்னால் ஒளிந்து போகிற குட்டிகளைப் பற்றி இன்னொன்று. முன்பு இருந்த வீட்டில் மூத்திரத்தில் மூக்கைத் தேய்த்து அடிபட்ட குட்டி ஒன்றை என் தங்கை எடுத்து வளர்க்கிறாள். வீட்டுக்குள் போகக்கூடாது என்று அது கற்றுக்கொள்ளவே இல்லை. மனிதர் பார்க்கப் போகக்கூடாது என்றுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. லீஷ் பிடித்து வெளியே கூட்டிப்போனால் தங்கை எதிரிலும் போகாது.

சோட்டு வீடு

படிக்கிறவர்களில் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். சோட்டு மால்டீஸ், ஆண். கூடப் பிறந்ததுகளைவிடச் சின்னதாகவே இருந்தான், 'பொம்மை மாதிரி இருக்கிறான்' என்று எல்லாரும் கொஞ்சினார்கள். நிறையத் தண்ணீர் குடிப்பான், நிறையப் போவான். பழகியதெல்லாம் போய் வீடு முழுக்க ஈரம். நடத்தையும் விட்டு விட்டு மாறும். ஒரு நேரம் துள்ளுவான், இன்னொரு நேரம் சுவரைப் பார்த்தபடி நிற்பான், கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி. சில சமயம் வாயில் எச்சில் ஒழுகும், ஒரே பக்கமாகச் சுற்றுவான். குட்டிக்குத் தூக்கக் கலக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

எந்த நேரத்தில் இப்படி ஆகிறான் என்று என் மகள் நோட்டில் குறித்துவைத்தாள். பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு, அதுவும் இறைச்சி அதிகம் சாப்பிட்டால். ஒருநாள் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றான். அதை வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினோம். பார்த்ததும் அவர் முகம் மாறியது. கல்லீரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் பித்த அமிலப் பரிசோதனை, வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. அப்புறம் ஸ்கேன். பிறவியிலேயே ஒரு ரத்தக்குழாய் கல்லீரலுக்குள் போகாமல் அதைத் தாண்டிப் போகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் சுத்தமாகாமலே உடம்பில் கலக்க, அம்மோனியா போன்றவை மூளையைத் தாக்குகின்றன. சின்ன இன நாய்களில் இது கொஞ்சம் அதிகமாம். சிறுநீர்ப்பையில் கல்லும் வரலாம் என்பதால் அதையும் பார்த்தார்கள், நல்லவேளையாக இல்லை.

முதலில் அவர்கள் எழுதிக்கொடுத்த சிறப்பு உணவும், அம்மோனியாவைக் குறைக்கிற லாக்டுலோஸ் மருந்தும். அந்தக் குழாயை மெதுவாக மூட வைக்கிற அறுவை சிகிச்சை உண்டு, உடம்பு தேறியதும் செய்தார்கள். இப்போது நேரத்துக்கு வெளியே போகிறான், மகளின் செருப்பைக் கடிக்கிறான். அவள் கத்துவதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

தண்ணீர் அதிகமா என்று சந்தேகம் வந்தால் அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மீதியைக் கழியுங்கள். வளர்ந்த நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 100 மில்லிக்கு மேல் என்றால் அதிகம், குட்டிகள் அதைவிடக் கொஞ்சம் கூடக் குடிக்கும். வீட்டுக்குள் போகிறது என்று தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எங்களுக்கும் அந்த யோசனையைப் பலர் சொன்னார்கள்.

ஜூனோ வீடு

சோட்டு கதையைப் படித்ததும் ஞாபகம் வந்தது. என் தோழியின் கோல்டன் ரெட்ரீவர் பெண் குட்டி, படுத்து எழுந்தால் அடியில் எப்போதும் ஈரம். வெளியே ஒழுங்காகவும் போகும், இடையிலும் சொட்டும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் சேர வேண்டிய இடத்தில் சேராமல் கீழே தள்ளித் திறந்திருந்தது. பழக்கி ஆகிற காரியமே இல்லை. அந்த வீட்டில் பாவம், அதைப் பிடிவாதக்காரி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொம்மி அக்கா, சிறுநீரை எப்படிப் பிடித்தீர்கள்? பாத்திரத்தைப் பார்த்தாலே ஜூனோ எழுந்து ஓடுகிறாள்.

பொம்மி வீடு

நீளக் காம்புள்ள கரண்டி, ஜூனோ அம்மா. சுத்தமாகக் கழுவிக் காயவைத்தது. லீஷோடு கூட்டிப்போய்ப் பின்னால் நில்லுங்கள். உட்கார்ந்து ஆரம்பித்த பிறகு கரண்டியை நுழையுங்கள், முன்கூட்டியே காட்டினால் எழுந்துவிடுவாள். கொஞ்சம் கிடைத்தாலே போதும். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் நல்லது. மூடிய டப்பாவில் ஊற்றி உடனே கொண்டுபோங்கள், தாமதமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்.

ஒன்றே ஒன்று: முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால், அதுவும் ஆண் நாய் என்றால், கரண்டியைத் தேடாமல் அப்போதே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். அடைப்பாக இருந்தால் காலைவரை காத்திருக்க முடியாது.