நாய்க்குச் சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் கொடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் நாய்க்கு மூன்று வயது, எடை 10 கிலோ. நாங்கள் எதைத் தின்றாலும் அருகில் வந்து உட்கார்ந்துவிடுவதால், பிள்ளைகள் பிஸ்கட், கேக் என்று ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிடுகிறார்கள். இனிப்பு நாய்க்கு ஆகாது என்பதால், சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. அது பாதுகாப்பானதா?

பதில் 1:
உறையில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் தயவுசெய்து கொடுக்காதீர்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால், மனிதர்களுக்குத் தீங்கு செய்யாவிட்டாலும், நாயின் உடலில் இன்சுலினை ஒரேயடியாகச் சுரக்க வைப்பதால், அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரை சரிந்து, நாய் தள்ளாடவும் வலிப்பு வந்து விழவும் கூடும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம், அதாவது உங்கள் நாய்க்கு வெறும் 1 கிராம் போனாலே இந்த ஆபத்து உண்டு. கிலோவுக்கு 0.5 கிராம் அளவை எட்டினால் கல்லீரலே செயலிழக்கலாம். சில உறைகளில் இது 'பிர்ச் சர்க்கரை' என்றோ இ967 என்றோ குறிக்கப்பட்டிருக்கும்.

பதில் 2:
சாதாரண பிஸ்கட், கேக்கிலும் சாக்லேட், உலர்திராட்சை இருக்கின்றனவா என்று பாருங்கள். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றுவதால், அது இதயத்தையும் நரம்புகளையும் நெடுநேரம் தாக்குகிறது. நிறம் அடர்ந்த, கசப்பான சாக்லேட்டில் அதன் அளவு இன்னும் அதிகம். உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறிதளவிலேயே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகிறது; இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று நம்பத்தக்க வரம்பு எதுவும் இல்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. உறையில் சைலிட்டால் இல்லை, மால்டிட்டால் என்று இருக்கிறது. பிள்ளைகள் தெரியாமல் ஆகாததைக் கொடுத்துவிட்டால், உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில் 1:
மால்டிட்டால் அப்படி இன்சுலினைத் தூண்டுவதில்லை. ஆனால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும், ஆகவே அதுவும் வேண்டாம். சாதாரண பிஸ்கட்டில் எப்போதாவது ஒரு சிறு துண்டு நஞ்சல்ல என்றாலும், இத்தகைய தின்பண்டங்கள் அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உப்புத் தண்ணீர் மட்டும் ஒருபோதும் வேண்டாம். இரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல், உடனே கால்நடை மருத்துவரை அழைத்து, எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்று சொல்லுங்கள். புறப்படும்போது உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.