இதழியல் மேற்படிப்புக்குக் கல்விக் கடன் மறுக்கிறார்கள், அவசரம்

தென்காசி மாணவி:
இதழியல் மேற்படிப்புக்குச் சென்னையில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். வங்கியில் கடன் கிடையாது என்று வாய்மொழியாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு வழி உண்டா? உடனே சொல்லுங்கள்.

வைகைக்கரை:
எம்.ஏ.வா, முதுநிலைப் பட்டயமா? கட்டணம் எவ்வளவு? குடும்ப வருமானம்?

முன்னாள் மேலாளர்:
விதிகளைப் படித்துவிட்டு வங்கிக்குப் போக வேண்டும், அம்மா. இதை எத்தனை முறைதான் இங்கே எழுதுவது? இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணையும் கேட்கக் கூடாது, மார்ஜின் தொகையும், அதாவது செலவில் மாணவர் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கும், கேட்கக் கூடாது. மேலதிகாரி ஒப்புதல் இல்லாமல் கிளை மேலாளர் மறுக்கவும் முடியாது. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கரிசல் மண்:
நிச்சயம் 'உங்கள் ஊர் எங்கள் சேவைப் பகுதியில் இல்லை' என்றிருப்பார்கள். அதைச் சொல்லி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே அறிவுறுத்திவிட்டது.

வைகைக்கரை:
அதுவாக இருக்காது. தனியார் நிறுவனப் பட்டயம் என்றால் அங்கீகாரம் இல்லை என்று காட்டித்தான் தயங்குவார்கள். ஆசியன் இதழியல் கல்லூரி தருவதும் பட்டயம்தான். அங்கே பணவசதி இல்லாதவர்களுக்குக் கல்லூரியே உதவித்தொகை தருகிறது. உங்கள் கல்லூரியிலும் கேளுங்கள். பட்டியல் சாதி மாணவி என்றால், வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு உங்கள் படிப்பு தகுதி பெறுமா என்றும் விசாரியுங்கள்.

நெல்லை வாசகர்:
கடன் வாங்கி இதழியல் படிக்கத்தான் வேண்டுமா? தமிழ்ப் பத்திரிகைகளில் தொடக்கச் சம்பளம் தெரியுமல்லவா? நேரே வேலைக்குச் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம்.

கரிசல் மண்:
யார் சேர்த்துக்கொள்கிறார்கள்? சென்னையில் ஆள் தெரிந்தவர்களை. வீட்டுப் பணத்தில் படிக்கிறவர்கள் மட்டுமே செய்தியாளரானால் எங்கள் ஊர்க் கிணறு வற்றியதை யார் எழுதுவார்?

நெல்லை வாசகர்:
நான் பட்டயம் இல்லாமல்தான் நிருபரானேன். மாவட்டச் செய்திதான் எழுதினேன்.

முன்னாள் மேலாளர்:
கேட்டது கடனைப் பற்றி. அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
தங்கையே, இன்னும் எதற்கும் பதில் சொல்லவில்லையே. வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் ஒன்றிய அரசின் வட்டி மானியமும் இருக்கிறது. ஆனால் அது தொழிற்கல்விக்கு, அதுவும் குறிப்பிட்ட அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும். ஆகவே நிறுவனத்தின் பெயர் தெரிந்தாக வேண்டும்.

தென்காசி மாணவி:
மன்னிக்கவும், அலைச்சலில் இருந்தேன். பட்டயம்தான். எழுத்தில் கேட்டதும் விண்ணப்பத்தை வாங்கி மண்டல அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கல்லூரி மாதக் கடைசி வரை அவகாசம் தந்திருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

வைகைக்கரை:
நல்லது. எந்த நிறுவனம், வருமானம் எவ்வளவு?