பூக்களின் பள்ளத்தாக்கு: ஆகஸ்டில் குடும்பத்தோடு போகிறோம், திட்டம் சரியா?

தாம்பரம்நடையன்:

வணக்கம். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் உத்தராகண்டில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். நான், மனைவி, 12 வயது மகள், 62 வயது மாமனார். மாமனார் பல வருடம் வெள்ளியங்கிரி ஏறியவர், எங்கள் மூவரையும் விட நன்றாகவே நடப்பார். நானும் மனைவியும் வாரக் கடைசியில் வண்டலூர்ப் பக்கம் நடப்பதோடு சரி.

திட்டம் இது. முதல் நாள் காலை விமானத்தில் டேராடூன், அங்கிருந்து காரில் நேராக கோவிந்த்காட். இரண்டாம் நாள் காலையில், தங்கும் ஊரான காங்கரியா ஏறி, பையை அறையில் போட்டுவிட்டு மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கு. மூன்றாம் நாள் மேலே ஏரிக்கரையில் சீக்கிய குருத்வாரா இருக்கும் ஹேம்குண்ட் போய்விட்டு அன்றே கோவிந்த்காட் இறங்குவது. நான்காம் நாள் திரும்புதல்.

சந்தேகங்கள்: பள்ளத்தாக்குக்கு ஒரு மதியம் போதுமா? வழியில் ஓடைகளைக் கடக்கும் வீடியோ சிலவற்றைப் பார்த்ததிலிருந்து மகள் பயந்துபோயிருக்கிறாள், உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? தண்ணீர் புகாத ஷூ நாலு பேருக்கும் வாங்கினால் விலை எங்கேயோ போகிறது, அவசியம்தானா? அப்புறம், பூ உச்சத்தில் இருக்கும் தேதி என்று ஏதாவது உண்டா?

வத்திராயிருப்புக்காரி:

தம்பி, உங்கள் இரண்டாம் நாள் நடக்காது. அதை முதலில் அடித்துவிடுங்கள்.

கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஷேர் ஜீப் போகும், 4 கிலோமீட்டர். அதற்கு மேல் காங்கரியாவுக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஏற்றம். நடுவில் டீ, மேகி, மகளுக்குக் கால்வலி எல்லாம் சேர்த்து ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். நீங்கள் போய்ச் சேரும்போது பள்ளத்தாக்கின் வனத்துறைச் சாவடியில் ஆள் விடுவதை நிறுத்தியிருப்பார்கள். காலை 7 மணிக்குத் திறப்பார்கள், மாலை 5 மணிக்குள் எல்லோரும் வெளியே வந்தாக வேண்டும், உள்ளே தங்கக் கூடாது. கடைசியாக உள்ளே விடும் நேரத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள். மதியத்துக்கு மேல் விட மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே விட்டாலும் நான் போகச் சொல்ல மாட்டேன். காரணம் ஓடைகள்.

எங்கள் ஊர்ப் பக்கம் சதுரகிரி இருக்கிறது. தாணிப்பாறையிலிருந்து ஏறினால் மாங்கேணி ஓடை, சங்கிலிப்பாறை என்று வரிசையாகத் தண்ணீரைக் கடக்க வேண்டும். காலையில் கணுக்கால் நனையாமல் தாண்டிய ஓடை, மேலே எங்கோ மழை கொட்டினால் சாயங்காலம் இறங்கும்போது ஆளை அடித்துக்கொண்டு போகும். கீழே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும், நம்பவே முடியாது. மழை என்றால் வனத்துறை மலையேறவே விடுவதில்லை, அதில் நியாயம் இருக்கிறது. இமயமலையில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மழையே இல்லாவிட்டாலும் அங்கே தண்ணீர் ஏறும். பகல் வெயிலில் மேலே பனி உருகி, அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர மதியமோ சாயங்காலமோ ஆகிவிடும். அதிகாலையில்தான் ஓடை மிகவும் இளைத்திருக்கும். ஆகவே போகும்போது பார்த்த தண்ணீரை வைத்து, திரும்பும்போதும் இப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இனி உங்கள் மகளுக்கு. பெரிய ஆறு புஷ்பாவதி. திப்ரா பனியாற்றிலிருந்து வருகிறது, பார்த்தாலே வயிறு கலங்கும். அதில் யாரும் இறங்கத் தேவையில்லை, பாலம் இருக்கிறது. சாவடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை ஆற்றை நோக்கி இறங்கும். பாலத்தைக் கடந்ததும் ஒரு செங்குத்தான ஏற்றம், அன்றைய நடையில் மூச்சு வாங்குவது அங்கேதான். பூர்ஜ மரங்கள் (பட்டை காகிதம் போல உரியும் மலை மரம்) முடிந்து பள்ளத்தாக்கு விரிந்துவிட்டால் அப்புறம் ஏறக்குறைய சமதரை. உள்ளே பக்கவாட்டுச் சரிவுகளிலிருந்து வந்து பாதையை வெட்டும் சின்ன ஓடைகள்தான் வீடியோவில் பார்த்தவை. பலவற்றின் மேல் மரக்கட்டையோ தகரமோ போட்டிருப்பார்கள், சிலவற்றைக் கல் கல்லாகத் தாண்ட வேண்டும். சாதாரண நாளில் காலையில் முழங்காலுக்குத் தண்ணீர் வரும் இடம் எதுவும் இல்லை. மழை நாளில் நான் எந்த உறுதியும் தர மாட்டேன்.

வழுக்குவது பெரும்பாலும் கட்டையில்தான், தண்ணீரில் இல்லை. பாசி பிடித்த கட்டையைவிடத் தண்ணீருக்குள் கால் வைப்பது எத்தனையோ மேல். ஷூ நனைந்தால் நனையட்டும், கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்க வேண்டாம். அந்தக் குளிரில் பாதம் மரத்துப்போய்க் கல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இறங்குவதற்கு முன்னால் பையின் இடுப்புப் பட்டை, நெஞ்சுப் பட்டை இரண்டையும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழுந்திருக்கலாம். குறுகலான இடத்தைத் தேடாதீர்கள், அங்கேதான் ஆழமும் இழுப்பும் அதிகம். அகலமாகப் பரந்து சலசலக்கும் இடம்தான் நமக்கு. நீர் வரும் பக்கம் பார்த்து நின்று, கம்பை ஊன்றி, பக்கவாட்டில் அடி அடியாக நகருங்கள். நீங்கள் மேல்பக்கம், மகள் நடுவில், கீழ்ப்பக்கம் மாமனார், தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக. ஓடும் தண்ணீரையே பார்த்தால் தலை சுற்றும், அக்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் திடீரென்று கலங்கலாக மாறினாலோ, அடியில் கல் உருளும் சத்தம் கேட்டாலோ பேச்சே கிடையாது, உடனே மேடு ஏறிவிட வேண்டும்.

மூன்றாம் நாளும் எனக்குப் பிடிக்கவில்லை. ஹேம்குண்ட் ஏற 6 கிலோமீட்டர், இறங்க 6, அப்புறம் புல்னாவுக்கு 10. மொத்தம் 22. அதிலும் ஏற்றம் மட்டும் ஆயிரம் மீட்டருக்கு மேல். காங்கரியாவே 3,000 மீட்டர் உயரம், ஹேம்குண்ட் 4,000-ஐத் தாண்டியது. வெள்ளியங்கிரி ஏறிய காலுக்கு ஏற்றம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அங்கே குறைவது காற்று. முதலில் பள்ளத்தாக்கு, மறுநாள் ஹேம்குண்ட், அதற்கும் மறுநாள் இறக்கம் என்று வையுங்கள். உடம்பும் உயரத்துக்குப் பழகிவிடும். ஹேம்குண்டில் இரவு தங்க முடியாது, மதியத்துக்கு மேல் குருத்வாராக்காரர்களே எல்லோரையும் கீழே அனுப்பிவிடுவார்கள். அதனால் விடியும் முன் கிளம்புங்கள். மேலே லங்கரில், அதாவது குருத்வாராவின் இலவசச் சமையல்கூடத்தில், சூடாகக் கிச்சடியும் டீயும் கிடைக்கும்.

ஷூ விஷயம். தண்ணீர் புகாத ஷூ வேண்டாம் என்பது என் கட்சி. ஆகஸ்ட் மழை கால் வழியாக இறங்கி உள்ளே போய்விடும், போனால் வெளியே வராது, குடத்தைக் காலில் கட்டிக்கொண்டு நடக்கிற கதைதான். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் சாதாரண ட்ரெக்கிங் ஷூ போதும். இப்போதே வாங்கி ஒரு மாதம் போட்டு நடந்து பழகுங்கள். காலுறை மட்டும் ஆளுக்கு நாலு ஜோடி, பருத்தி வேண்டாம். காங்கரியாவில் எதுவும் காயாது. ராத்திரி ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள், காலையில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு இருக்கும். ஜீன்ஸ் எடுத்து வருபவர்களை அங்கே பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

டேராடூன்வாசி:

அக்கா நடையைச் சொல்லிவிட்டார், நான் சாலையைச் சொல்கிறேன். இந்தத் திட்டத்தில் இரண்டாம் நாளைவிட மோசமானது முதல் நாள்.

ஜாலி கிராண்ட் விமான நிலையத்திலிருந்து கோவிந்த்காட் 270 கிலோமீட்டருக்கு மேல், முழுக்க மலைப்பாதை. தேவபிரயாக், ஸ்ரீநகர், ருத்ரபிரயாக், கர்ணபிரயாக், சமோலி என்று அலக்நந்தாவை ஒட்டியே போக வேண்டும். வழி சுத்தமாக இருந்தாலே பத்து மணி நேரம். ஆகஸ்டில் எங்காவது ஓரிடத்தில் மண் சரிந்து இயந்திரம் வந்து தள்ளும்வரை வரிசையில் நிற்பது சாதாரணம். இரவில் மலைச்சாலையில் வண்டி விட மாட்டார்கள். சென்னையிலிருந்து வந்து இறங்குகிற அன்றே இது ஆகாது. முதல் நாள் ரிஷிகேஷில் தங்குங்கள். மறுநாள் காலை 5 மணிக்குக் கிளம்பினால் பீபல்கோட்டி அல்லது ஜோஷிமட். சாலை அடைபட்டால் பயன்படுத்த ஒரு நாளைச் சும்மா வைத்திருங்கள். அந்த நாள் இல்லாமல் திரும்பும் விமானச் சீட்டைப் போட்டால், பள்ளத்தாக்கில் நிற்கும்போதும் மனசு சாலையில்தான் இருக்கும்.

ஹேம்குண்ட் போக யாத்திரைப் பதிவு வேண்டும், சார்தாம் (பத்ரிநாத், கேதார்நாத் உள்ளிட்ட நான்கு தல யாத்திரை) பதிவு செய்யும் அதே அரசுத் தளத்தில் செய்யலாம். பணத்தை ஜோஷிமட்டிலேயே எடுத்து வையுங்கள். காங்கரியாவில் மின்சாரமும் சிக்னலும் வரும்போதுதான் வரும்.

பூச்சட்டி:

பூவைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, ஷூவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் :)

உச்சத் தேதி என்று ஒன்று கிடையாது. பூக்கள் முறை வைத்து வருகின்றன. ஜூன் மாதம் சில இடங்களில் பனி கிடக்கும், அதன் ஓரத்தில் பிரிமுலாவும், படமெடுத்த மாதிரி நிற்கும் நாகலில்லியும் இருக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை வகைகள் அதிகம். நீங்கள் போகும் வாரத்தில் இளஞ்சிவப்பாக ஆள் உயரத்துக்கு நிற்பது பெரும்பாலும் காசித்தும்பைக் குடும்பத்துச் செடி, நம் வீட்டு வாசலில் வளர்கிறதே, அதன் மலைச் சொந்தம். ஜெரேனியம், சிவப்புப் பொட்டென்டில்லா, ஆற்றுப்படுகைக் கற்களுக்கு நடுவே எபிலோபியம் எல்லாம் இருக்கும். செப்டம்பரில் பூ குறைந்து இலைகள் சிவக்கும், வானம் தெளியும். மழையும் சாலையும் பயமுறுத்தினால் செப்டம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போடலாம், எனக்கு அதுவும் பிடிக்கும்.

நீலப் பாப்பியும் பிரம்மகமலமும் பார்க்க ஆசை என்றால் ஹேம்குண்ட் பாதையை விடாதீர்கள். மேல்பாதியில் பாறை இடுக்குகளில் தேடுங்கள். குதிரையில் போகிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

பள்ளத்தாக்கில் வெள்ளைப் பூவோடு அடர்ந்து மண்டிக்கிடக்கும் ஒரு செடியைப் பார்ப்பீர்கள், பாலிகோனம். வனத்துறை வருடா வருடம் ஆள் விட்டுப் பிடுங்குகிறது. 1982-இல் தேசியப் பூங்காவாக்கி மேய்ச்சலை நிறுத்திய பிறகுதான் இது தலையெடுத்தது என்று ஒரு வாதம் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. ஆடு மேய்த்தவர்களை வெளியேற்றும் முன் அவர்களிடம் கொஞ்சம் கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, இனி அந்தப் பேச்சுக்கு இடம் இல்லை.

உள்ளே ஜோன் மார்கரெட் லெக் என்ற தாவரவியலாளரின் கல்லறை இருக்கிறது. 1939-இல் பூ சேகரிக்க வந்து பாறைச் சரிவில் வழுக்கி இறந்தவர். முடிந்தால் அதுவரை நடங்கள், கூட்டம் அதற்கு முன்பே குறைந்துவிடும்.

தாம்பரம்நடையன்:

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன். 1: டேராடூன், ரிஷிகேஷ். 2: ஜோஷிமட். 3: காங்கரியா. 4: பள்ளத்தாக்கு. 5: ஹேம்குண்ட். 6: இறக்கம், ஜோஷிமட். 7: ரிஷிகேஷ். 8: சும்மா. 9: விமானம். அலுவலகத்தில் விடுமுறை கேட்கும்போதுதான் உண்மையான ஓடையைக் கடக்க வேண்டியிருக்கும்.

அக்கா, இரண்டு கேள்வி. பள்ளத்தாக்கில் எத்தனை மணிக்குத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்? மாமனாருக்குக் குதிரை ஏற்பாடு செய்யலாமா? அவர் கேட்டால் கோபித்துக்கொள்வார், இருந்தாலும்.

வத்திராயிருப்புக்காரி:

இது சரியான திட்டம் தம்பி.

7 மணிக்குச் சாவடியில் முதல் ஆளாக நில்லுங்கள். எங்கே இருந்தாலும், கல்லறை கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், 12 மணிக்குத் திரும்பிவிடுங்கள். சாப்பாடு கையோடு இருக்கட்டும், உள்ளே கடை எதுவும் இல்லை. காங்கரியாக் கடைகளில் பராத்தா சொல்லிவைத்தால் காலையில் கட்டித் தருவார்கள். உறையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் 12 வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கடந்து வந்த கடைசி ஓடையைத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே முடிவு செய்யுங்கள்.

குதிரை, கோவேறு கழுதையெல்லாம் காங்கரியாவுக்கும் ஹேம்குண்டுக்கும் உண்டு. பள்ளத்தாக்குக்குள் விடுவதில்லை, முடியாதவர்களைக் கூடையில் உட்காரவைத்து முதுகில் தூக்கிப்போகிறவர்கள் மட்டும்தான். மாமனாருக்கு இப்போதே எதுவும் பேச வேண்டாம். ஹேம்குண்ட் அன்று காலை தலைவலி இருக்கிறதா, ராத்திரி தூங்கினாரா, சாப்பாடு இறங்கியதா என்று கேளுங்கள். தலைவலியும் குமட்டலும் இருந்தால் குதிரையில்கூட மேலே அனுப்பக் கூடாது, அறையிலேயே இருக்கட்டும், குறையாவிட்டால் கீழே இறக்கிவிடுங்கள். வெறும் அலுப்பு என்றால் குதிரை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காங்கரியாவில் அறையை இப்போதே மூன்று இரவுக்குச் சொல்லிவையுங்கள். ஆகஸ்ட் 15 ஒட்டி விடுமுறைக் கூட்டம் வரும், அந்த நாட்களைத் தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.