அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர், பாடலாசிரியர் வில்லி நெல்சன் உங்களுக்கு எங்கே அறிமுகமானார்?

ஆஸ்டின்காரன்:

கன்ட்ரி இசை என்றால் தொப்பி, பிக்கப் வண்டி, விட்டுப்போன காதலி, அவ்வளவுதான் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். வேலைக்காக டெக்சாஸின் ஆஸ்டினுக்கு வந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு கூட வேலை பார்ப்பவர்கள் ப்ரோக்கன் ஸ்போக்குக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சவுத் லமார் சாலையில் 1964இல் திறந்த ஹாங்கி-டாங்க். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பீர், நடுவில் ஆடுவதற்குத் தரை, ஓரத்தில் ஒரு இசைக்குழு, இந்த மூன்றும் சேர்ந்தால் ஹாங்கி-டாங்க். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கச்சேரி கேட்க வருவதில்லை, ஆட வருகிறார்கள். கால் தடுமாறாமல் தாளம் கிடைக்கிறதா என்பதுதான் அவர்கள் கவலை.

டூ-ஸ்டெப் ஆட்டத்தில் இரண்டு வேக அடி, இரண்டு மெதுவான அடி. எனக்கு நாலும் ஒன்றுபோலத்தான் வந்தது. பாவம் பார்த்து என்னோடு ஆடிய எழுபது வயதுப் பாட்டி, மூன்றாவது மிதி வாங்கியபின், "தரையைப் பார்க்காதே, பாஸ் கிட்டாரைக் கேள்" என்றார். கேட்டேன். அப்போது மேடையில் ஓடியது வில்லி நெல்சன் பாட்டு. பாஸ் பிசகாமல் அடி வைத்துப் போக, பாடியவர் வரிகளை வேண்டுமென்றே தள்ளித் தள்ளி எடுத்தார். போய்ச் சேருவாரா மாட்டாரா என்று நமக்குப் பதறுகிறது, அவர் சரியாக வந்து உட்கார்ந்துவிடுகிறார். வீட்டுக்கு வந்து வில்லியின் பதிவைத் தேடிக் கேட்டால், அந்த விளையாட்டே அவரிடமிருந்து வந்ததுதான். நம் கர்நாடக சங்கீதத்தில் தாளம் தொடங்கியபிறகு பாட்டை எடுக்கும் அனாகத எடுப்பு ஞாபகம் வந்தது. (சங்கீதக்காரர்கள் அடிக்க வராதீர்கள். அங்கே அது கணக்கு, இவரிடம் பேச்சு வழக்கு.)

இப்படிப் பாடியதால்தான் கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில் அவரை ரொம்ப வருடம் வாசலிலேயே நிறுத்தியது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ஹூஸ்டன் அக்கா:

தம்பி, ஆஸ்டினுக்கு முன்னால் எங்கள் ஊர் இருக்கிறது, அதை விட்டுவிடாதே.

ஆள் 1933இல் அபட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். வளர்த்தது தாத்தாவும் பாட்டியும். பருத்தி பறித்த கை. பத்து வயதுவாக்கிலேயே செக் குடியேறிகளின் போல்கா குழுவில் கிட்டார் வாசித்துக் காசு பார்த்திருக்கிறார். அப்புறம் ரேடியோ அறிவிப்பாளர், வீடு வீடாகப் போய் விற்பனை, என்று என்னவெல்லாமோ. ஃபோர்ட் வொர்த்தில் ஜாக்ஸ்போரோ நெடுஞ்சாலைக் கடைகளில் பாடியபோது, பாட்டில் பறந்து வரும் என்று மேடைக்கு முன்னால் கோழிவலை கட்டியிருந்தார்களாம்.

1950களின் கடைசியில் ஹூஸ்டன் வந்து எஸ்கொயர் பால்ரூமில் வாசித்தார். அங்கே குழு நடத்திய லாரி பட்லரிடம் தன் பாடல்களை அடிமாட்டு விலைக்கு விற்கப் போனார். பட்லர் வாங்க மறுத்துவிட்டு, 50 டாலர் கடனும் மேடையில் வேலையும் கொடுத்தார். அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் வயிறு கேட்குமா? வேறொரு நண்பர் பால் பஸ்கர்க்கிடம் ஒரு பாட்டை 50 டாலருக்கும் இன்னொன்றை 150 டாலருக்கும் விற்றார். முதல் பாட்டை 1960இல் கிளாட் கிரே பாடி நாடு முழுக்க ஓடியது. எழுதியவர் என்று வில்லியின் பெயர் அதில் இல்லை.

இப்போது என் கதை. முதியோர் இல்லம் ஒன்றுக்கு ஞாயிறுதோறும் உதவிக்குப் போவேன். அங்கே ஒரு தாத்தா, இளவயதில் எஸ்கொயருக்கு வாராவாரம் ஆடப் போனவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. "வில்லியைப் பார்த்திருக்கிறீர்களா, எப்படிப் பாடினார்?" என்று துளைத்தெடுத்தேன். தாத்தா யோசித்தார். "யார் பாடினார்கள் என்று யாரம்மா பார்த்தது? நான் என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

நாஷ்வில் மாப்பிள்ளை:

அக்கா, அந்தத் தாத்தாவுக்கும் ஒரு கும்பிடு.

எங்கள் ஊருக்கு யார் வந்தாலும் பிராட்வேயில் டூட்ஸிஸ் ஆர்க்கிட் லவுஞ்சுக்குக் கூட்டிப் போவது என் தலையெழுத்து. ஊதா நிறக் கட்டடம், தெரு முழுக்க இரைச்சல். பின்கதவைத் திறந்தால் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் ரைமன் அரங்கம். 1974 வரை கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி நடந்த இடம். ஆப்ரியில் பாடுகிறவர்கள் இடைவேளையில் சந்தைக் கடந்து குடிக்க வருவார்கள், வாய்ப்புத் தேடுகிறவர்கள் உள்ளே காத்திருப்பார்கள். கடைக்காரம்மா டூட்ஸி பெஸ், காசில்லாத பாடலாசிரியர்களின் கடன்சீட்டுகளைச் சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாராம்.

போன வருடம் மாமியாரைக் கூட்டிப் போனேன். காலை பதினொரு மணிக்கே ஒரு பையன் டிப்ஸ் வாளியை முன்னால் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். யாரோ கேட்டதற்காக 'கிரேஸி' பாடினான். மாமியார் அசந்துபோய், "இவ்வளவு நல்லா பாடுற பிள்ளை, ஏன் வாளி வச்சுக்கிட்டு நிக்குது?" என்றார். அந்தப் பாட்டை எழுதியவரும் இப்படித்தான் நின்றார் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

1960இல் வில்லி இந்த ஊருக்கு வருகிறார். டூட்ஸியில் பாட்டைக் கேட்ட பாடலாசிரியர் ஹாங்க் காக்ரன், தான் வேலை பார்த்த பாம்பர் மியூசிக் என்ற பாடல் பதிப்பு நிறுவனத்தில் சேர்த்துவிடுகிறார். வாரம் 50 டாலர். அதுவும் காக்ரன் தனக்கு வரவேண்டிய சம்பள உயர்வை விட்டுக்கொடுத்ததால் கிடைத்த பணம். வில்லி ஒரு பாட்டை 500 டாலருக்கு மொத்தமாக விற்றுவிடப் பார்த்தபோது, பாடகர் ஃபேரன் யங் அதை வாங்காமல் கைமாற்றாகப் பணம் கொடுத்து அனுப்பினார். அந்தப் பாட்டை யங் பாடி, 1961இல் ஒன்பது வாரம் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். அதே வருடம் பாடகி பாட்ஸி க்ளைனின் குரலில் 'கிரேஸி'. வில்லியின் மாதிரிப் பதிவைக் கேட்ட பாட்ஸிக்கு அந்தத் தள்ளிப் பாடும் பாணி பிடிபடவேயில்லை. கார் விபத்தில் விலா எலும்பு அடிபட்டு மூச்சும் பிடிக்க முடியாத நேரம். உன் பாணியிலேயே பாடு என்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொன்னபிறகுதான் வந்தது.

"அப்ப கண்ணதாசன் மாதிரின்னு சொல்லு" என்றார் மாமியார். ஆமாம் அத்தை, ஆனால் இவர் தானும் பாடவேண்டும் என்று நின்றார், அங்கேதான் சிக்கல் என்றேன். ஆர்சிஏ நிறுவனம் வருடக்கணக்கில் அவரை வைத்து ஆல்பம் போட்டது. வயலின் கூட்டம், கோரஸ் என்று மெழுகிய பாட்டுகள் பல. நான் கேட்டவரையில் பெரும்பாலானவற்றில் அவர் யாரோ வீட்டுக் கல்யாணத்தில் கோட்டு போட்டு நிற்பது போலத்தான் இருக்கிறார். ஆல்பங்கள் பெரிதாக ஓடவுமில்லை. ஊருக்கு வெளியே ரிட்ஜ்டாப்பில் அவர் வீடும் தீப்பிடித்தது. உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்தவற்றில் ஒன்று அவருடைய கிட்டார்.

மாமியார் வாளியில் இருபது டாலர் போட்டார். என் பணம்தான்.

ஆஸ்டின்காரன்:

தீக்குப் பிறகுதான் டெக்சாஸ் திரும்புகிறார். பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் சாலைப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, அர்மடில்லோ வேர்ல்ட் ஹெட்குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் நினைவுப் பலகை பார்த்தேன். பழைய படைக் கிடங்கு ஒன்றை இசை அரங்கமாக மாற்றியிருந்தார்கள். இப்போது அங்கே அலுவலகக் கட்டடம். 1972 ஆகஸ்டில் வில்லி அங்கே பாடினார். நீள முடி ஹிப்பிப் பிள்ளைகளும், அவர்களைக் கண்டால் ஆகாத கன்ட்ரிக்காரர்களும் ஒரே கூரையின் கீழ். முடி வளர்த்தவர்கள் உட்கார்ந்து கேட்கிறவர்கள். பாட்டு தாளத்தைவிட்டு நழுவினால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

சான் அன்டோனியோ நண்பர்:

சின்னதாக ஒன்று. ஹெலோட்டஸில் 1942இல் தொடங்கிய ஃப்ளோர்ஸ் கன்ட்ரி ஸ்டோர் இருக்கிறதே, அதன் பலகையில் "ஒவ்வொரு சனி இரவும் வில்லி நெல்சன்" என்று எழுதியிருக்கும். பழைய பலகை என்று தெரியாமல் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு போய் நின்றேன். பன்றி இறைச்சி தமாலே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

டாலஸ் வாசி:

நான் ஆறு வருடம் கார்லண்டில் குடியிருந்தேன். கடை, கோயில், பள்ளிக்கூடம் தவிர அந்த ஊரைப் பற்றி எதுவும் தெரியாது. வேறு ஊருக்கு மாறியபிறகுதான், 1975இல் வில்லியை வில்லியாக்கிய ஆல்பம் கார்லண்டில் ஆட்டம் சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது என்று படித்தேன். செலவு சுமார் 4,000 டாலர். பெரும்பாலும் ஒரு கிட்டார், ஒரு பியானோ, கொஞ்சம் ஹார்மோனிகா. கொலம்பியா நிறுவனத்தார் கேட்டுவிட்டு, இது மாதிரிப் பதிவுதானே, முடித்துக் கொடுங்கள் என்றார்களாம். ஒப்பந்தப்படி கடைசி வார்த்தை வில்லியுடையது, அப்படியே வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து வந்ததுதான் பாடகராக அவருடைய முதல் முதலிடம். வயது 42. வேடிக்கை என்னவென்றால், நாடு முழுக்க ஓடிய அந்தப் பாட்டு ஃப்ரெட் ரோஸ் எழுதிய பழைய பாட்டு. இத்தனை காலம் மற்றவர்கள் இவர் பாட்டைப் பாடிப் பேர் வாங்கினார்கள், இவர் இன்னொருவர் பாட்டைப் பாடி வாங்கினார்.

நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, 2022 ஜூலை 4, ஆஸ்டின் க்யூ2 அரங்கம். பகலெல்லாம் மற்றவர்கள் பாடினார்கள். வெயிலில் வெந்துபோய், மனைவி இரண்டு தடவை "கிளம்பலாமா" என்றாள். இரவில் வந்தார் வில்லி, வயது 89. எங்கள் இருக்கையிலிருந்து பார்த்தால் விரல் நகம் அளவு. பெரிய திரையில் அவர் ட்ரிகர் என்று பெயர் வைத்திருக்கும் கிட்டார்: தீயிலிருந்து தப்பிய அதே மார்ட்டின் என்-20, நைலான் கம்பி. பிளெக்ட்ரம் தேய்த்துத் தேய்த்து மரத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது. 1973 முதல் அவர் குழுவில் பியானோ வாசித்த அக்கா பாபி அந்த மார்ச்சில்தான் காலமாகியிருந்தார். பியானோ இருக்கவேண்டிய இடத்தைக் கண் தேடியது.

மனைவிக்குத் தெரிந்த பாட்டு ஒன்று வந்தது. சேர்ந்து பாட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியிலும் இவள் முன்னாலேயே போய் முடித்துவிட்டு நின்றாள். அவர் பின்னால் சாவகாசமாக வந்துகொண்டிருந்தார்.