சமையலறை பாதியில் நிற்கிறது, ஒப்பந்ததாரர் போனை எடுப்பதில்லை: உரிமத்தை ரத்து செய்ய எங்கே போக வேண்டும்?

ஹொரமாவு_வாசி (செவ்வாய், இரவு 11.42)
அவசரம். இரண்டே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்றவர் ஐந்தாவது மாதமாக இழுக்கிறார். பால் காய்ச்சியாகிவிட்டது, அடுப்பு வைக்க மேடைதான் இல்லை. பழைய வீட்டுக்கு வாடகை, புது வீட்டுக்கு வங்கித் தவணை, இரண்டும் ஓடுகின்றன. மூன்று வாரமாக போனை எடுப்பதில்லை. இப்படிப்பட்டவரின் உரிமத்தை ரத்து செய்ய பெங்களூரில் எந்த அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

அல்சூர்_குமரன் (இரவு 11.58)
ஐயா, எவ்வளவுக்குப் பேசினீர்கள்? எவ்வளவு கொடுத்தீர்கள்? எழுத்தில் ஏதாவது உண்டா? சமையலறை மட்டுமா, முழு வீடுமா? இவற்றைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மரத்தூள் (புதன், காலை 6.10)
முதலில் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஓரம் உப்பியிருக்கிறதா? உப்பியிருந்தால் பலகை போலி. பாதியில் ஓடுகிறவர்கள் எல்லாருமே பலகையில் ஏமாற்றியவர்கள்தான். இருபது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய_பொறியாளர் (காலை 7.05)
இதே கேள்விக்கு நான் ஏற்கெனவே மூன்று முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கர்நாடகத்தில் வீட்டு உள் அலங்கார வேலை செய்கிறவருக்கென்று தனி அரசு உரிமம் எதுவும் கிடையாது. இல்லாத ஒன்றை எங்கே போய் ரத்து செய்வீர்கள்? பொதுப்பணித் துறையில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று ஒப்பந்ததாரர்களைப் பதிவு செய்வது அரசு வேலைகளுக்காக. உங்கள் பரணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் இங்கே வந்து கேட்டிருக்க வேண்டும்.

ஃப்ரீமான்ட்_முத்து (காலை 7.31)
இதுதான் நம் நாட்டின் பிரச்சினை. இங்கே கலிஃபோர்னியாவில் ஒப்பந்ததாரர்களுக்கென்றே மாநில உரிம வாரியம் இருக்கிறது. 1,000 டாலரும் அதற்கு மேலும் போகும் வேலைக்கு உரிமம் கட்டாயம். 2024 வரை அந்த வரம்பு 500 டாலராக இருந்தது. உரிம எண்ணைத் தட்டினால் அவர்மீது வந்த நடவடிக்கைகள்கூடத் தெரியும். வீட்டு வேலைக்கு முன்பணமாக மொத்தத் தொகையில் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்குமேல் வாங்கவே கூடாது. நீங்கள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?

அல்சூர்_குமரன் (காலை 7.44)
ஹொரமாவில் இருப்பவருக்குக் கலிஃபோர்னியா வாரியத்தால் என்ன பயன்? அவருக்கு அடுப்பு வைக்க இடம் வேண்டும்.

ஃப்ரீமான்ட்_முத்து (காலை 7.52)
ஒப்பிட்டுப் பார்த்தால்தானே நம்மிடம் என்ன இல்லை என்று தெரியும்? கேள்வியே உரிமத்தைப் பற்றியது.

ஹொரமாவு_வாசி (காலை 9.20)
நான் ஐயா அல்ல, பெண். பேசியது 6,80,000. கொடுத்தது 5,10,000. சமையலறை, இரண்டு படுக்கையறை அலமாரிகள், பரண். முடிந்திருப்பது அலமாரிக் கூடுகள் மட்டும், கதவுகள் இல்லை. மின்சார வேலையும் அவர் ஆட்களே செய்தார்கள், தூண்டல் அடுப்பைப் போட்டால் சுவிட்ச் விழுகிறது. வாட்ஸ்அப்பில் மதிப்பீட்டுத் தாள் அனுப்பினார், கையெழுத்து கிடையாது. நம் தமிழ்க்காரர், ஓசூரிலிருந்து வருகிறார் என்று நம்பிவிட்டேன். தொட்டிக்குக் கீழே உப்பித்தான் இருக்கிறது.

மரத்தூள் (காலை 9.26)
சொன்னேனா இல்லையா!

தினசரி_மெட்ரோ (காலை 9.40)
தமிழர் என்பதால் நம்பினீர்களா? மொழி பார்த்து வேலை கொடுத்தால் இப்படித்தான். என் வீட்டை முடித்துக் கொடுத்தவர் தும்கூருக்காரர், சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே சாவியைத் தந்தார்.

சிவாஜிநகர்_ராஜா (காலை 9.51)
ஒருவர் ஏமாற்றினால் ஊரையே சொல்வீர்களா? ஓசூரிலிருந்து தினமும் விடியற்காலையில் அத்திப்பள்ளியைத் தாண்டி வந்து நேர்மையாக வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? என் மாமாவும் அவர்களில் ஒருவர்.

தினசரி_மெட்ரோ (காலை 9.55)
நான் ஊரைச் சொல்லவில்லை. மொழியைப் பார்த்து நம்பியதைத்தான் சொன்னேன்.

சொந்த_வழக்கு (காலை 10.30)
சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வழக்குரைஞர் இல்லை. என் குளியலறை கசிவுக்காக நானே வாதாடி மீண்டவன். அம்மா, உரிமத்தை மறந்துவிடுங்கள், உங்களுக்கு உதவப்போவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. வீடு கட்டிக்கொடுப்பது சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. பாதியில் விட்டுப்போனது சேவைக் குறைபாடு. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கொடுத்த தொகையை வைத்தே கணக்கு. ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. அதற்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த அந்தப் பத்தாயிரத்துக்காக நீங்கள் 200 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும், பரவாயில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அவர் ஓசூராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

பணத்தை எப்படிக் கொடுத்தீர்கள்? ரசீது உண்டா? மதிப்பீட்டுத் தாளில் ஜிஎஸ்டி எண் போட்டிருக்கிறாரா? அது 29-இல் (கர்நாடகம்) தொடங்குகிறதா, 33-இலா (தமிழ்நாடு)?

பழைய_பொறியாளர் (காலை 10.48)
மதிப்பீட்டுத் தாளின் பின்பக்கத்தை யாராவது படிக்கச் சொன்னீர்களா? பெரும்பாலும் 'தகராறு எழுந்தால் நடுவர் மூலமே தீர்வு' என்று ஒரு வரி இருக்கும். இருந்தால் நுகர்வோர் ஆணையம் உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். அடிப்படை விஷயம் இது.

சொந்த_வழக்கு (காலை 11.02)
அனுப்பாது. நடுவர் விதி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. என் வழக்கில் எதிர்த்தரப்பு இதே வாதத்தை எடுத்து வைத்தது. ஆணையத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் அதைத் தள்ளிவிட்டார்.

பழைய_பொறியாளர் (காலை 11.10)
நான் நடைமுறையைச் சொன்னேன். சட்டப் புத்தகத்தை அல்ல.

ஹொரமாவு_வாசி (மதியம் 1.15)
33. அந்த எண்ணை இப்போதுதான் ஜிஎஸ்டி தளத்தில் தேடினேன், 'ரத்து செய்யப்பட்டது' என்று வருகிறது. பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் மிச்சம் என்றார், நானும் சரி என்றேன். 3,60,000 வங்கி வழியாக. 1,50,000 மூன்று தடவையாக ரொக்கம், ரசீது இல்லை. காவல் நிலையத்துக்குப் போனேன், இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்று. அவர் ஆட்களின் டிரில், அறுக்கும் இயந்திரம், கம்ப்ரசர் எல்லாம் என் வீட்டில்தான் இருக்கின்றன. பூட்டி வைத்திருக்கிறேன். பணம் வரும்வரை கொடுக்க மாட்டேன்.

அல்சூர்_குமரன் (மதியம் 1.22)
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, அம்மா!

சிவாஜிநகர்_ராஜா (மதியம் 1.30)
நன்றாகச் செய்தீர்கள், கொடுக்காதீர்கள். கருவி இல்லாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது, தானாக வருவார்.

சொந்த_வழக்கு (மதியம் 1.47)
ராஜா அண்ணன் சொல்வதைக் கேட்காதீர்கள். நாளைக்கே அவர் 'என் பொருளை எடுத்துவைத்துக்கொண்டு வேலை செய்ய விடவில்லை' என்று எதிர்ப் புகார் கொடுப்பார். உங்கள் வழக்கு அதோடு குழம்பிவிடும். அடுக்ககச் சங்கச் செயலாளர் முன்னிலையில் பட்டியல் போட்டு, படம் எடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். பிரிக்காத பலகைகள் கிடந்தால் அவற்றை மட்டும் கொடுக்க வேண்டாம், உங்கள் பணத்தில் வாங்கியவை என்று பட்டியலிலேயே எழுதுங்கள்.

சிவாஜிநகர்_ராஜா (மதியம் 1.55)
அப்படியானால் அவர் கையில் ஐந்து லட்சம், இவர் கையில் ஒரு தாள். இது எந்த ஊர் நியாயம்?

கொத்தனார்_மகள் (மதியம் 2.20)
ஒன்று கேட்கிறேன். அந்தக் கருவிகள் உண்மையில் ஒப்பந்ததாரருடையவைதானா? எங்கள் வீட்டில் அப்பாவின் மட்டப்பலகையும் கரண்டியும் அவர் சொந்தக் காசில் வாங்கியவை. தச்சு வேலையிலும் அப்படித்தான், டிரில் பெரும்பாலும் ஆசாரியுடையதாக இருக்கும். நீங்கள் பூட்டி வைத்திருப்பது போனை எடுக்காத அந்த மனிதரின் பொருளையா, கூலிக்கு வந்தவரின் பிழைப்பையா?

சிவாஜிநகர்_ராஜா (மதியம் 2.41)
அது நான் நினைக்காதது.

ஃப்ரீமான்ட்_முத்து (மாலை 3.05)
இங்கே உரிமம் வாங்குபவர் 25,000 டாலருக்குப் பிணைப்பத்திரமும் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அதிலிருந்து கோரலாம். இதைப் போல பெங்களூரிலும் கொண்டுவர ஒரு கூட்டு மனு போடலாமே?

அல்சூர்_குமரன் (மாலை 3.09)
மனு எழுதி முடிப்பதற்குள் இவர் வீட்டுப் பரண் கரையானுக்குப் போய்விடும்.

சொந்த_வழக்கு (மாலை 4.15)
ரசீது இல்லாததால் பயப்பட வேண்டாம். வங்கிப் பரிமாற்றமே ஆதாரம். ரொக்கத்துக்கு 'வந்து சேர்ந்தது' என்று அவர் அனுப்பிய செய்தியோ குரல் பதிவோ இருக்கிறதா என்று தேடுங்கள். வாட்ஸ்அப்பை எதற்காகவும் அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் வைக்க வேண்டியிருக்கும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆம் பிரிவாக இருக்கிறது.

புது ஆளை இப்போதே வைத்துப் பிரித்துவிடாதீர்கள். முதலில் முழு வீட்டையும் தேதியோடு படமும் காணொளியும் எடுங்கள். பிறகு வேறு ஓர் ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டு, மீதியை முடிக்கவும் கெட்டதைச் சரி செய்யவும் எவ்வளவு ஆகும் என்று கையெழுத்தோடு மதிப்பீடு வாங்குங்கள். எனக்கு ஆணையம் கொடுத்த தொகை ஏறக்குறைய அந்தத் தாளில் இருந்த தொகைதான். அடுத்து, 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் பாதிப் பேர் அதிலேயே இறங்கி வருவார்கள். அதற்கு முன்பே நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். மனுவை நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே போடலாம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், ஆய்வகப் பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

அவர் திருப்பித் தருகிறேன் என்று காசோலை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது திரும்பி வந்தால் வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு. இந்தத் தேதிகளில் ஒன்று தவறினாலும் சிக்கல்.

வயர்மேன்_வேலு (மாலை 5.30)
எல்லாரும் பலகையையும் பணத்தையும் பேசுகிறீர்கள். தூண்டல் அடுப்பு போட்டால் சுவிட்ச் விழுகிறது என்று அம்மா எழுதியதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. உரிமம் கட்டாயமாக வேண்டிய வேலை இந்த வீட்டில் அதுதான். மின் வேலைக்கு மாநில மின் ஆய்வுத் துறை உரிமம் கொடுத்த ஒப்பந்ததாரர் வேண்டும். ஆசாரியோடு வந்த பையன் கம்பி இழுத்திருந்தால் அதை அடுப்புக்குப் பயன்படுத்தவே வேண்டாம். விழும் சுவிட்ச் எது? எம்சிபியா, ஆர்சிசிபியா? எம்சிபி என்றால் சுமை அதிகமாகவோ எங்காவது ஷார்ட்டாகவோ இருக்கலாம். ஆர்சிசிபி என்றால் எங்கோ மின்கசிவு, அது உயிர்ப் பிரச்சினை. கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர்? அடுப்புக்குத் தனி இணைப்பா, ஃபிரிட்ஜோடு சேர்த்தா?

மரத்தூள் (மாலை 5.48)
பலகையில் என்ன முத்திரை இருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை. 710 என்று இருந்தால் மெரைன் பிளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பிரியக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று உரிம எண் இருக்கும், பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த ஆலை என்று காட்டும். பலகைக்கு உரிமம் உண்டு, பலகை அடிப்பவருக்குத்தான் இல்லை. ஒரு துண்டை வெட்டிப் பாத்திரத்தில் போட்டு வேகவையுங்கள்.

பழைய_பொறியாளர் (மாலை 6.02)
வீட்டுப் பாத்திரத்தில் வேகவைத்ததை எந்த ஆணையமும் ஆதாரமாக ஏற்காது.

சொந்த_வழக்கு (மாலை 6.10)
இந்த ஒன்றில் பொறியாளர் ஐயா சொல்வது சரி. ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். உப்பிய பகுதியை அப்படியே விட்டு வையுங்கள். வேகவைப்பதானால் வேறு துண்டை.

பழைய_பொறியாளர் (மாலை 6.12)
இந்த ஒன்றில் மட்டுமா?

ஹொரமாவு_வாசி (பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 10.05)
எல்லாருக்கும் நன்றி. கருவிகள் ஆசாரியுடையவைதான். செயலாளர் முன்னிலையில் கொடுத்துவிட்டேன். பட்டியலில் கையெழுத்துப் போடும்போதே அவர் கை நடுங்கியது, அவருக்கும் மூன்று வாரக் கூலி பாக்கியாம். இந்த வீட்டில் எத்தனை நாள் வேலை நடந்தது என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நோட்டீஸ் போய்விட்டது. வேறொருவர் 3,95,000-க்கு மதிப்பீடு கொடுத்தார். ஒப்பந்ததாரர் நேற்று முதல்முறையாக போனை எடுத்து, 'ஏன் அக்கா இப்படிச் செய்துவிட்டீர்கள்' என்றார். பலகை எட்டு மணி நேரத்திலேயே ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. முத்திரை 710.

மரத்தூள் (இரவு 10.07)
செயலியில் எண்ணைப் போட்டுப் பார்த்தீர்களா?

வயர்மேன்_வேலு (இரவு 10.31)
அம்மா, விழுந்தது எம்சிபியா, ஆர்சிசிபியா?

வயர்மேன்_வேலு (ஒரு மாதம் கழித்து)
யாருக்காவது இவர் வீட்டில் என்ன ஆயிற்று என்று தெரியுமா? அந்த அடுப்பைப் போட்டுவிடப் போகிறார்.