ஃபேட்டி லிவர் கிரேடு 1: எடையைக் குறைத்தால் போதுமா?

தண்டையார்பேட்டை தம்பி: ஆபீஸ் செக்கப்பில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்', அதாவது கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேன் ரிப்போர்ட். வயது 38, எடை 80 கிலோ, தண்ணி பழக்கம் கிடையாது. டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை, எடையைக் குறைங்க என்று அனுப்பிவிட்டார். அவ்வளவுதானா?

காசிமேடு காத்து: அட விடுங்க தம்பி. இப்போ யார் ஸ்கேன் எடுத்தாலும் கிரேடு 1 என்றுதான் வருது. எங்க தெருவில் தொப்பையோடு எழுபதைத் தாண்டியவங்க நல்லாத்தான் இருக்காங்க. ஒல்லிக்குச்சி மாதிரி இருக்கும் என் மச்சானுக்கும் இதே ரிப்போர்ட். எடைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பெரம்பூர் லோகோ: அண்ணே, ஒல்லியானவருக்கும் வரும், உண்மைதான். நம்ம ஆட்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் போய்ச் சேரும். அதனால்தான் இந்தியர்களுக்கு உயரத்தோடு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ 23-லேயே அதிக எடை, 25-ல் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. மச்சானுக்கு டேப் வைத்துப் பாருங்கள், லுங்கி கட்டும் இடத்தில் இல்லை, விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில்.

தம்பி, 4 கிலோ இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையும். 6 முதல் 8 கிலோ என்றால் அழற்சியும் தணியும். எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைத்தவர்களில் பலருக்குக் கல்லீரல் தழும்பே பின்வாங்கியிருக்கிறது.

காசிமேடு காத்து: சொல்றது ஈஸி. குறைச்ச எடை திரும்பி வந்துடும். சோற்றை விட்டு ஜூஸிலேயே இருந்து, பித்தப்பையில் கல் வந்து ஆபரேஷன் வரைக்கும் போனவரை எனக்குத் தெரியும்.

வண்ணாரப்பேட்டை அக்கா: நான் நர்ஸ். கல் விஷயத்தில் காத்து சொல்வது சரி. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் அந்த ஆபத்து கூடும்; அரைக் கிலோ போதும். ஆனால் கிரேடு 1 என்றால் விட்டுவிடலாம் என்பதை ஒப்ப மாட்டேன். கிரேடு சொல்வது கொழுப்பின் அளவை மட்டும்தான், தழும்பு அதில் தெரியாது. கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தே தழும்பு முற்றியவர்கள் உண்டு. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நாலையும் வைத்து தழும்பு இருக்குமா என்று கணிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுவார்கள். அதில் சந்தேகம் வந்தால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். தம்பி, சர்க்கரை எப்படி?

தண்டையார்பேட்டை தம்பி: பார்டர் என்றார்கள் அக்கா. அப்பப்போ பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிடுவேன். எண்ணெய்தானே வினை?

பெரம்பூர் லோகோ: எண்ணெயை மட்டும் திட்டாதீர்கள். மிஞ்சிய மாவையும் சர்க்கரையையும் கல்லீரலே கொழுப்பாக்கி வைத்துக்கொள்ளும். அத்தோ எப்போதாவது சரி. கூடக் குடிக்கும் கூல்டிரிங்ஸை நிறுத்திவிட்டு, அத்தோவோடு தரும் வாழைத்தண்டு சூப்பை இன்னொரு கப் கேளுங்கள்.

காசிமேடு காத்து: நல்லவேளை, அத்தோவை விட்டுவெச்சீங்க! சரி, நடந்தும் எடை குறையலைன்னா?

வண்ணாரப்பேட்டை அக்கா: எடை மெஷின் முள் அசையாவிட்டாலும் நடக்க நடக்கக் கல்லீரல் கொழுப்பு கொஞ்சம் குறையும், அதனால் நிறுத்த வேண்டாம். தம்பி, மூன்று மாதச் சர்க்கரைக்கான எச்பிஏ1சி எடுத்து, பிளேட்லெட் எண்ணிக்கையோடு இங்கே போடுங்கள். பார்டர் என்றால் எவ்வளவு பார்டர் என்று பார்க்க வேண்டும்.